காய்ச்சலுக்கு டே ஆர்டர் கிடையாது

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் லீவு போடுவது நான்தான். அதற்குக் காரணம் என் பெருந்தன்மை இல்லை, ஒரு சாவி. என் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறார். கிளையின் பணப் பெட்டகத்துக்கு இரண்டு பேர் பொறுப்பு; இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். அதில் ஒன்று இவரிடம் இருக்கிறது. காலையில் திடீரென்று லீவு வேண்டும் என்றால்கூட, அந்தச் சாவியை இன்னொருவரிடம் முறைப்படி ஒப்படைத்துக் கையெழுத்துப் போட எப்படியும் கிளைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அவர் போகவில்லை என்றால் கவுண்ட்டரில் பணம் இருக்காது. நான் போகவில்லை என்றால் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கேன்டீனுக்குப் போவார்கள். யார் வீட்டில் இருப்பது என்ற விவாதம் அத்தோடு முடிந்துவிடும்.

நான் திருச்சியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில், சுயநிதிப் பிரிவில், இயற்பியல் உதவிப் பேராசிரியர். மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். மகனுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. சளி பிடித்தால் அவனுக்கு மூச்சு இளைப்பும் சேர்ந்து வந்துவிடும். என்னைப் போலவே கைக்குழந்தையோடு கல்லூரி வேலைக்கு வந்திருக்கும் இளைய ஆசிரியர்கள் சிலர், ஆண்களும் பெண்களும், "எப்படி சார் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடியாது என்பதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"வாத்தியார் வேலைதானே, ரெண்டு கிளாஸ் எடுத்துட்டு வந்துடலாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு. மொத்த வேலை 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சுயநிதிப் பிரிவில் அந்த 16 எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதை விடுவோம். மிச்ச நேரத்து வேலைகளை, அதாவது இன்டர்னல் தாள் திருத்துவது, கோர்ஸ் ஃபைல், கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் கமிட்டிக்கான காகிதங்கள், ஆய்வுக் கட்டுரை இவற்றையெல்லாம், ராத்திரி பதினொரு மணிக்கும் செய்யலாம். வகுப்பு, லேப், தேர்வு அறைப் பணி, பிராக்டிகல் தேர்வு ஆகியவை அசையாது. வேறு அலுவலகத்தில் அரை மணி தாமதமாகப் போனால் மேசையில் ஃபைல் காத்திருக்கும். இங்கே 60 பேர் காத்திருப்பார்கள், அதுவும் ஐந்து நிமிஷம்தான்.

போதாததற்கு டே ஆர்டர் வேறு. கலைக் கல்லூரிகளுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்குத் திங்கள், செவ்வாய் என்று கால அட்டவணை கிடையாது. ஒன்று முதல் ஆறு வரை டே ஆர்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு விடுமுறை வந்தால் அது ஒரு நாள் தள்ளிப்போகும். இந்தப் புதன்கிழமை மதியம் எனக்கு வகுப்பு இல்லை என்றால் அடுத்த புதன் முழுக்க லேப் இருக்கும். அதனால் "புதன்கிழமை மதியம் டாக்டரிடம் காட்டும் வேலை என்னுடையது" என்று மனைவிக்கு வாக்குக் கொடுக்கவே முடியாது. வங்கியோ கிழமையில் ஓடுகிறது. இரண்டையும் ஒரே காகிதத்தில் பார்க்காமல் எந்தத் திட்டமும் நிற்கவில்லை.

இப்போது ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் கல்லூரி காலண்டரிலிருந்து டே ஆர்டரை எடுத்துச் சாதாரண தேதித்தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுகிறோம். என் வகுப்பு இல்லாத நேரங்கள் பச்சை. எந்த நிலையிலும் நகர்த்த முடியாத நாட்கள் சிவப்பு: எனக்குப் பிராக்டிகல் தேர்வுகள், இன்டர்னல் தேர்வு நாட்கள், அவருக்கு செப்டம்பர் 30, மார்ச் 31 வங்கிக் கணக்கு முடிப்பு, தணிக்கை. இரண்டு பேருக்கும் சிவப்பு விழும் நாட்கள் ஒரு செமஸ்டரில் மிகச் சிலதான் வரும். பாட்டியைக் கூப்பிடுவதோ, பக்கத்து வீட்டில் சொல்லி வைப்பதோ அந்த நாட்களுக்குத்தான். மற்ற நாட்களில் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் குழந்தை மருத்துவர் தில்லைநகரில் இருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு, பிளே ஸ்கூல் போக ஆரம்பித்த முதல் வருஷத்தில் அதைவிடக் கூடலாம் என்று அவர் சொன்னபோது எனக்கு நிம்மதிதான் வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இது அவசர நிலைமை இல்லை. ஐந்து யூனிட் பாடத்திட்டத்தில் அச்சிடாமல் விட்டுப்போன ஆறாவது யூனிட். எப்போது வரும் என்றுகூட ஓரளவு தெரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகிறது. சளி, இருமல், டெங்கு எல்லாம் அந்த மாதங்களில்தான் கூடும். இரண்டாவது இன்டர்னல், பிராக்டிகல், செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் மதிப்பீடு, இவையும் அதே மாதங்கள். கூடவே மழை லீவு. "பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை" என்று காலை ஆறரைக்கு ஆட்சியர் அறிவிப்பார். அந்த "மட்டும்" என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் நல்லபடியாகச் சொல்வதில்லை.

ஆகவே நான் ஜூன் மாதத்தில் இருந்தே கொஞ்சம் வேகமாக ஓடுகிறேன். செப்டம்பர் கடைசிக்குள் மூன்றரை யூனிட் முடிந்திருந்தால் அக்டோபரில் மூச்சு விடலாம். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர் துறையில் என் அலமாரியில் இருக்கும். அதில் ஐம்பது நிமிஷத்துக்குப் போதுமான கணக்குகள், பழைய பல்கலைக்கழக வினாத்தாள்களிலிருந்து எடுத்தவை, விடைகளோடு. ஒளியியலில் நியூட்டன் வளையக் கணக்குகள், வெப்ப இயற்பியலில் கார்னோ எஞ்சின் கணக்குகள், இப்படி. முக்கியமான விஷயம், அந்த ஃபோல்டரை வைத்து வகுப்பைப் பார்த்துக்கொள்ள இயற்பியல் ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. கணிதத் துறையில் அந்த நேரம் சும்மா இருப்பவர் போதும். மாணவர்களுக்கும் "சார் வரலை, ஃப்ரீ அவர்" என்ற எண்ணம் வராது. முதலில் முணுமுணுத்தார்கள். தேர்வில் அதே மாதிரிக் கணக்கு வந்த பிறகு, ஃபோல்டர் எங்கே என்று அவர்களே கேட்கிறார்கள்.

லீவு எழுதும்போது எந்த அவரை, அதாவது எந்த வகுப்பு நேரத்தை, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதி அந்த ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் ஊரில் இதை "ஆல்டர் பண்றது" என்போம். காலை எட்டேகாலுக்கு ஃபோன் செய்து ஆல்டர் கேட்டால் எவருக்கும் எரிச்சல்தான் வரும், நியாயமான எரிச்சல். அதனால் முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கே செய்தி அனுப்பிவிடுவேன்: "பையனுக்குச் சூடு ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கு மூணாவது அவர் தேவைப்படலாம். காலையில ஆறரைக்கு உறுதியா சொல்றேன்." பாதி நாட்களில் தேவையே படாது. ஆனாலும் அவர் அதற்கேற்ப மனசைத் தயார் செய்துகொண்டிருப்பார். பிள்ளைகள் நன்றாக இருக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அடுத்தவர் வகுப்புகளை நானாகவே கேட்டு வாங்கிக்கொள்வேன். யார் யாருக்கு எத்தனை எடுத்தோம் என்று எங்கள் துறையில் ஒரு பதிவேடு போட்டு எழுத ஆரம்பித்த பிறகு, "எப்போ பார்த்தாலும் இவருக்கு மட்டும்தான்" என்ற பேச்சு குறைந்தது. நட்பை நம்பி நடப்பதைவிட நோட்டை நம்பி நடப்பது நட்புக்கும் நல்லது.

லீவு விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. வருஷத்துக்கு 12 சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு. அதற்கு மேல் சம்பளப் பிடித்தம். காய்ச்சல் வந்த முதல் நாளே பதறிப்போய் லீவு போடத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் நோயில் எல்லா நாளும் ஒரே நாள் இல்லை. எந்த நாளில் பெற்றவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், எந்த நாளில் பாட்டி போதும் என்பது நோய்க்கு நோய் மாறும். இதை டாக்டரிடமே நேராகக் கேட்கலாம்: "இதுல எந்த நாள் நாங்க கவனமா இருக்கணும்?" மருந்தைவிட இந்தப் பதில்தான் எனக்குப் பல தடவை உதவியிருக்கிறது.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நவம்பரில் மகளுக்கு 103 டிகிரி. இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார். பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து கூடாது, ஐபுபுரூஃபென் கூடவே கூடாது என்றார். பிறகு அவர் சொன்னதுதான் விஷயம்: "காய்ச்சல் இருக்கிற நாள்ல பயப்படாதீங்க. காய்ச்சல் விடுற நாள்லதான் கண்ணு முழிச்சிருக்கணும்." டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் நேரத்தில் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து கசியும். அது ஒன்று இரண்டு நாள் நீடிக்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, சிறுநீர் குறைவது, கை கால் சில்லிடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதில் உள்ள பொறியைப் பாருங்கள். நெற்றியில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். பிள்ளை இட்லி கேட்கும். வீடே "அப்பாடா" என்று சொல்லும். சரி, இன்றைக்காவது கல்லூரிக்குப் போவோம் என்று கிளம்பத் தோன்றும். முதல் மூன்று நாளில் லீவையெல்லாம் தீர்த்திருந்தால் கிளம்பித்தான் ஆக வேண்டும். நாங்கள் முதல் நாட்களில் பாட்டியை வைத்து ஓட்டிவிட்டு, சூடு இறங்கிய காலையில் நான் லீவு எடுத்தேன். அன்று மதியம் மூன்று மணிவாக்கில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். காலையில் இருந்து ஒரே ஒரு தடவைதான் சிறுநீர் கழித்திருந்தாள். நோட்டில் எழுதி வைத்திருந்ததால் அது உடனே கண்ணில் பட்டது. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்த்தோம். டிரிப்ஸ் ஏற்றி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்தார்கள். அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது என் துறையில் யார் வீட்டில் டெங்கு என்றாலும் நான் சொல்வது இதைத்தான்: காய்ச்சல் விட்ட நாளுக்கு லீவை மிச்சம் வையுங்கள்.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் இதற்கு நேர்மாறு. அதில் முதல் அரை நாள்தான் முழு ஆள் வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடிக்கக் கொடுத்தால் வெளியே வந்துவிடும். ஒரு டீஸ்பூன், ஒரு நிமிஷம் பொறுத்து இன்னொரு டீஸ்பூன் என்று பொறுமையாகக் கொடுக்க வேண்டும். பாக்கெட்டைக் கரைக்கும் முன் அது ஒரு லிட்டருக்கானதா, 200 மில்லிக்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் கடையில் கிடைக்கிறது, தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. மறுநாளைக்குப் பாட்டி போதும். கூடவே டாக்டர் எழுதும் துத்தநாக மருந்தை 14 நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். போக்கு நின்றதும் பாட்டில் அலமாரிக்குள் போய்விடும் என்பதால் காலண்டரில் குறித்து வைக்கிறோம்.

நோட்டைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. நாற்பது பக்க நோட்டு, இரண்டு பிள்ளைக்கும் ஆளுக்கொன்று. முதல் பக்கத்தில் எடை, கடைசியாக எடை பார்த்த தேதி, ஒவ்வாமை. அப்புறம் ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கும்: "இரவு 3.40. 102.4. பாரா 3 மி.லி. (250). பால் அரை டம்ளர். சிறுநீர் போனான்." எங்கள் வீட்டில் மருந்து கொடுப்பவர்கள் மூன்று பேர். பகலில் பாட்டி, மாலையில் நான், இரவில் மனைவி. ஒருவர் கொடுத்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இரண்டு தடவை கொடுப்பதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை. டாக்டர் "எத்தனை நாளா, எத்தனை டிகிரி?" என்று கேட்டால் நோட்டை நீட்டினால் போதும். மாலை ஓ.பி.யில் டோக்கன் நாற்பதுக்கு மேல் ஓடும் கிளினிக்கில் அது அவருக்கும் உதவி.

அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் 250 முக்கியம். பாராசிட்டமால் அளவைக் குழந்தையின் எடைக்குத்தான் கணக்கிடுவார்கள், ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளியில். ஆனால் கடையில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும். பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்றால் முதல் சிரப்பில் ஆறேகால் மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. "பாப்பாவுக்கு மூணு மில்லி குடுங்க" என்று ஃபோனில் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போவது எவ்வளவு ஆபத்து என்று இதைப் பார்த்தாலே புரியும். வீட்டில் ஒரே வகைப் பாட்டில்தான் வைத்திருக்கிறோம். அதன் மேல் மார்க்கரால் பிள்ளையின் பெயரும் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவும் பெரிய எழுத்தில் இருக்கும். சளிக்கான கூட்டு மருந்துகளை நாங்களாகக் கடையில் வாங்குவதில்லை. குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த மருந்தை நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் எச்சரிக்கை போடச் சொல்லி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. பழைய சீட்டைக் காட்டி வாங்கும் பழக்கத்தை விட அது ஒன்றே போதுமான காரணம்.

மகனின் இளைப்பு வேறு கதை. சாயங்காலம் லேசாக இருமுவான். நள்ளிரவுக்கு மேல் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கும். அவன் தூங்கும்போது சட்டையை விலக்கி, மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுவேன். லேப்பில் ஊசலின் அலைவுகளை எண்ணச் சொல்லிக் கொடுக்கிறவன் என்பதால் இது மட்டும் எனக்குக் கை வந்த வேலை. பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பு வரும், குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிஷத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50. நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, கிளம்ப வேண்டியதுதான். எங்கள் டாக்டர் நெபுலைசர் மெஷினுக்குப் பதிலாக ஸ்பேசர் என்ற குழாயோடு இன்ஹேலர் பழக்கினார். சரியாகப் பிடித்தால் இரண்டும் ஒன்றுதான் என்றார். அது பையில் போகும், கரண்ட் வேண்டாம், மழை ராத்திரியில் அதன் அருமை தெரியும். மறுநாள் காலை முதல் அவர் வகுப்பு எனக்கு இருந்தால் எண்ணிக்கையை எழுதிவிட்டு இரண்டு மணிக்கு மனைவியை எழுப்பிவிட்டுப் படுத்துவிடுவேன். இரவை இரண்டாகப் பிரிப்பதில் எங்களுக்குள் வாய்தா கிடையாது.

பாட்டி என்று சொல்வது என் மாமியார். லால்குடியில் இருக்கிறார், ஒரு மணி நேர பஸ். அவருக்கே சர்க்கரை, முழங்கால் வலி. அழைக்கும்போதெல்லாம் வருவார் என்பதற்காக அழைத்துக்கொண்டே இருக்க முடியாது. அவரும் படுத்துவிட்டால் மூன்று நோயாளிகள். "நாலு பிள்ளைங்கள வளர்த்திருக்கேன் மாப்பிள்ளை, எனக்கு நோட்டு பார்த்தா கத்துக்குடுப்பீங்க?" என்று ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டார். ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். கஷாயம், கற்பூரவல்லிச் சாறு எல்லாம் அளவோடு பெரியவளுக்குக் கொடுக்கலாம். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயோ, கற்பூரம் கலந்த தைலமோ சின்னவனுக்கு வேண்டாம். அது உள்ளே போனால் வலிப்பே வரலாம், இரண்டு வயதுக்குக் கீழ் தடவவும் கூடாது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது இரண்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் 108. இதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். இப்போது பக்கத்து வீட்டுக்கு அதைப் படித்துக் காட்டுவதே அவர்தான்.

பிளே ஸ்கூலில் இருந்து வருவதில் என் பொறுமையை அதிகம் சோதித்தது கை, கால், வாய் நோய். காய்ச்சல் பெரிதாக இருக்காது. உள்ளங்கையிலும் வாயிலும் கொப்புளம். பிள்ளை விளையாடும், ஆனால் கிட்டத்தட்ட ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்ப முடியாது, வேறு வீட்டில் விடவும் முடியாது. பார்ப்பவர்களுக்கு "நல்லாத்தானே இருக்கா" என்று தோன்றும், லீவு கேட்க நமக்கே வாய் வராது. கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேடம் ஒருவர் சொன்னது உதவியது: இந்த வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். குணமான பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி வெளியேறும் என்பதால் டயப்பர் மாற்றியதும் கை கழுவாமல் வேறு எதையும் தொடக் கூடாது. அப்படியும் மகளிடமிருந்து மகனுக்கு வந்தது. ஒன்றாக வந்திருந்தால் ஒரு வாரம், அடுத்தடுத்து வந்ததால் இரண்டு. அந்தச் சமயத்தில் அரை நாள் லீவுகள்தான் கைகொடுத்தன. காலை இரண்டு அவர் நான் எடுத்துவிட்டு வருவேன், மதியத்துக்கு மேல் மனைவி சாவியை ஒப்படைத்துவிட்டு வருவார்.

ஆய்வு? சின்னவன் பிறந்த பிறகு கொஞ்ச காலம் என் பெயரில் கட்டுரை எதுவும் வரவில்லை. நகர்த்தக்கூடிய வேலைகளில் முதலில் நகர்வது அதுதான், யாரும் பதிவேட்டில் கேட்க மாட்டார்கள். இந்த நேரத்தில் புதிதாக ஒரு சோதனையைத் தொடங்குவதில் அர்த்தமில்லை என்று முடிவு செய்து, கையில் இருந்த பழைய தரவுகளை மட்டும் வைத்து வேலை பார்த்தேன். பிள்ளை தோளில் தூங்கும்போது செய்ய முடிகிற வேலைகள் உண்டு: கட்டுரை படிப்பது, மேற்கோள் பட்டியல் சரிபார்ப்பது, படங்களுக்குக் குறிப்பு எழுதுவது. தொடர்ந்து இரண்டு மணி நேரம் கேட்கும் வேலைகள் உண்டு: வாதத்தை எழுதுவது, கணக்கிடுவது. இரண்டாவது வகைக்கு வாரத்தில் சனிக்கிழமைக் காலை மட்டும், அதுவும் வீட்டில் இல்லை, நூலகத்தில். விடைத்தாள் மதிப்பீட்டுக்குப் போகும் நாட்களில் அதையும் எதிர்பார்க்கக் கூடாது. "அதான் ராத்திரி இருக்கே" என்பவர்களின் பிள்ளைகளுக்கு இளைப்பு வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று நான் கிளம்பினால், "பரவாயில்லையே சார், பொறுப்பான அப்பா" என்கிறார்கள். கூடவே "வீட்ல மேடம் இல்லையா?" என்றும் ஒரு கேள்வி வரும். அதே காரணத்துக்காக வணிகவியல் துறை மேடம் கிளம்பினால், "இவங்களுக்கு மாசா மாசம் ஏதாவது ஒண்ணு" என்கிறார்கள். எனக்குப் பாராட்டு, அவருக்குப் பெயர்க் கேடு. இதைக் கண்கூடாகப் பார்த்த பிறகு லீவுக் கடிதத்தில் நான் காரணத்தை மறைப்பதில்லை. "சொந்த வேலை" என்று எழுதாமல் "மகனுக்கு உடல்நலமின்மை" என்றே எழுதுகிறேன். ஆண்களும் இதை எழுதினால்தான் அது பெண்களின் காரணம் என்ற பெயர் போகும்.

விதிகளில் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இது வேலைக்கு வேலை பெரிதும் மாறுகிறது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு முழுப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365க்கு 80 சதவீதம். துணையில்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் அது கிடைக்கும். என்னைப் போன்றவருக்குக் கிடையாது. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையிலும் பெண் ஆசிரியர்களுக்கு அதே 730 நாள் பேசப்படுகிறது. பிஎச்.டி. செய்யும் பெண்களுக்கு 2022 விதிமுறை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு இரண்டுக்கும் சேர்த்து 240 நாள் வரை அனுமதிக்கிறது, முடிப்பதற்குக் கூடுதலாக இரண்டு வருஷமும் தருகிறது. பதிவு செய்த பல பேருக்கு இது தெரியவே தெரியாது. வழிகாட்டியிடம் கேட்பதற்கு முன் விதிமுறையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுயநிதிப் பிரிவில் இவையெல்லாம் காகிதத்தில் இருக்கும் விஷயம்தான், ஆனால் கேட்பதற்கு ஒரு காகிதம் வேண்டும் அல்லவா.

கேட்பதற்குச் சரியான நேரம் கால அட்டவணை போடுவதற்கு முன். மே மாதக் கடைசியில், அட்டவணை போடுபவரிடம் போய், எனக்கு முதல் அவர் முடிந்தவரை வேண்டாம், தனியாகப் பார்க்கும் லேப்பைவிட இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் லேப் வேண்டும், பதிலுக்குக் கடைசி அவர் வகுப்புகளை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவேன். வேண்டாத கடைசி அவரை வலிய வாங்கிக்கொள்பவருக்கு யாரும் மறுப்பு சொல்வதில்லை. கிளினிக் டோக்கன் காலை எட்டு மணிக்கு ஃபோனில் பதிய வேண்டும் என்பதால் முதல் அவர் இல்லாதது எனக்குப் பெரிய விடுதலை.

குழந்தைகள் காப்பகம் பற்றியும் போன வருஷம் ஆசிரியர் கூட்டத்தில் சிலர் சேர்ந்து பேசினோம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. அதைச் சொல்லித்தான் கேட்டோம். காய்ச்சல் பிள்ளையை அங்கே விட முடியாதுதான். ஆனால் பிள்ளைகள் நன்றாக இருக்கும் நாட்களில் அது இருந்தால், பாட்டியையும் சி.எல்.லையும் நோய் நாட்களுக்கு மிச்சம் பிடிக்கலாம். நிர்வாகம் மறுக்கவில்லை. நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறையைக் காட்டியிருக்கிறார்கள். அதில் இப்போது பழைய விடைத்தாள் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. ஏலம் விட்டதும் பார்க்கலாம் என்றார்கள். ஏலக் கமிட்டியில் என் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.